விஷம் யாருடையது?

கி.பி. 81, செப்டம்பர் மாதம். ரோமானியச் சக்ரவர்த்தி டைட்டஸ் திடீரென்று இறந்துபோனார். வயது 41தான். அரியணை ஏறி இரண்டே வருடங்கள். கொலோசியம் அரங்கத்தைத் திறந்துவைத்து நூறு நாள் திருவிழா நடத்திய மனிதர்! அவர் உடல் ஆறுவதற்குள் தம்பி டொமீஷியன் சக்ரவர்த்தி ஆகிவிட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? காய்ச்சலில் இறந்திருக்கலாம் என்பதுதான் இன்றைய சரித்திர ஆசிரியர்கள் பலரின் கருத்து. ஆனால், நூறு வருடங்களுக்கு மேல் கழித்து எழுதிய ஃபிலாஸ்ட்ரேட்டஸ் என்ற கிரேக்கர் வேறு கதை சொல்கிறார். 'அண்ணனின் சாப்பாட்டில் கடல் முயலைக் கலந்துவிட்டான் தம்பி!'

அதென்ன கடல் முயல்? பெயரைக் கேட்டுத் துள்ளி ஓடும் பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். நத்தையின் சொந்தக்காரன். முதுகில் வீடு கிடையாது. கொழகொழ உடம்பு, தலையில் முயல் காது மாதிரி இரண்டு உணர்கொம்புகள். அவ்வளவுதான். ஆனாலும் ரோமானியர்களுக்கு அதைக் கண்டால் நடுக்கம். அந்தக் காலத்து அறிஞர் பிளினி, 'இந்தியக் கடலில் இருக்கும் கடல் முயலைத் தொட்டாலே வாந்திதான்' என்று எழுதிவைத்தார்.

பழங்கதை என்று ஒதுக்கிவிடலாம். ஒருவர் ஒதுக்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஜார்ஜ் ராபர்ட் பெட்டிட். அரிசோனாவில் பாலைவனம் உண்டு, கடல் கிடையாது! ஆனால் அவருடைய தேடலோ கடலுக்குள்ளே. 'செல்லைக் கொல்லும் விஷம், புற்றுநோய் செல்லையும் கொல்லுமே?' என்பது கேள்வி.

1972-ல் இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸ் பக்கம் பிடித்த கடல் முயலின் சாறு, ரத்தப் புற்றுநோய் வந்த எலிகளின் ஆயுளை நீட்டித்தது. சரி, அந்தச் சாறில் வேலை செய்வது எந்தப் பொருள்? இதைக் கண்டுபிடிக்கத்தான் பெரும்பாடு. ஏறத்தாழ ஒரு டன் கடல் முயலை அரைத்து, வடித்து, பிரித்து எடுத்தார்கள். கிடைத்தது சுமார் 29 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடை! அதை வைத்துக்கொண்டு அதன் வடிவத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டபோது வருடம் 1987. பெயர், டோலாஸ்டாடின் 10. இரண்டே வருடத்தில் பெட்டிட் குழு அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது.

இந்த விஷம் எப்படிக் கொல்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களைப் பங்கு போட்டு இரண்டு பக்கமும் இழுக்க, கயிறு மாதிரி நுண்ணிய இழைகள் உருவாகும். டோலாஸ்டாடின் அந்தக் கயிற்றைத் திரிக்கவே விடாது. பாகப்பிரிவினை பாதியில் நிற்கும். செல் காலி! வாசலில் பூக்கிறதே நித்யகல்யாணி, அதிலிருந்து எடுத்த புற்றுநோய் மருந்துகள் செய்வதும் இதே வேலைதான்.

1990-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏமாற்றம். விஷத்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று பேதம் தெரியுமா என்ன? ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. உடம்பு தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுத்தால், கட்டி மசியவில்லை.

இதற்கிடையில் இன்னொரு சந்தேகம். அசைந்து அசைந்து நகரும் ஒரு நத்தை, இவ்வளவு சிக்கலான பொருளைத் தானே தயாரிக்குமா? அல்லது சாப்பாட்டோடு வந்ததா? 1998-ல் குவாம் தீவில் ஒரு துப்பு கிடைத்தது. அங்கே கடலடியில் வளரும் சிம்ப்ளோக்கா என்ற நீலப்பச்சைப் பாசியில், டோலாஸ்டாடினின் உடன்பிறப்பு போல ஒரு பொருள்! 2001-ல், ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மூர், குவாம் பல்கலைக்கழகத்தின் வேலரி பால் ஆகியோரின் குழு, பலாவ் தீவுகளில் எடுத்த சிம்ப்ளோக்காவில் டோலாஸ்டாடின் 10-ஐயே கண்டுபிடித்தது.

ஆக, விஷம் முயலுடையது அல்ல. அது மேய்ந்த பாசியுடையது!

'பாசி' என்று சொன்னாலும் இது உண்மையில் பாக்டீரியா வகை, சயனோபாக்டீரியா. இருநூறு கோடி வருடங்களுக்கு முன்பே பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்க்க ஆரம்பித்தவை இந்தக் குடும்பத்தார்தான். மேய வரும் மீனிடமிருந்து ஓட இவற்றுக்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. ரசாயனம்தான் ஆயுதம். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதையாக, ரோமாபுரிக் காலத்திலிருந்து கடல் முயல்தான் பழியைச் சுமந்துகொண்டிருந்தது.

சரி, தோற்றுப்போன மருந்து என்ன ஆனது? விஷத்தில் குறையில்லை, போய்ச் சேரும் இடம்தான் தப்பு என்று புரிந்துகொண்டார்கள் சிலர். டோலாஸ்டாடினைப் பார்த்துச் செய்த ஒரு செயற்கை விஷத்தை, குறிப்பிட்ட புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு கட்டி அனுப்பினார்கள். விலாசம் தெரிந்த தபால்காரர் கையில் பார்சல்! உள்ளே போன பிறகுதான் பார்சல் பிரியும்.

பிரெண்டக்ஸிமாப் வெடோட்டின் என்ற அந்த மருந்துக்கு அமெரிக்க அரசு 2011 ஆகஸ்டில் அனுமதி தந்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தும் நோய் திரும்பி வந்துவிட்ட 102 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், நான்கில் மூன்று பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மூன்றில் ஒருவருக்கு, தடயமே தெரியாமல் மறைந்தது. கைவிரித்துவிட்ட நிலையில் இருந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று அதே விஷத்தை வேறு விலாசங்களுக்குக் கொண்டுபோகும் மருந்துகளும் வந்துவிட்டன. பெயரின் கடைசியில் 'வெடோட்டின்' என்று இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்... சக்ரவர்த்தியைக் கொன்றதாக ஊர் வம்பு பேசிய அதே கடல் முயல், தான் மேய்ந்த பாசி எது என்று நமக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது!