நீலக் கதிரும் ஒரு வட்டுச் சண்டையும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பரண்ல ஒரு டிவிடி கிடைச்சது. மேல மார்க்கர்ல "பெரியப்பா கல்யாணம்"னு எழுதியிருந்துச்சு. முதல்ல விஎச்எஸ் கேசட்ல எடுத்தது. கேசட்ல பூஞ்சை பிடிக்குதுன்னு 2008 வாக்குல அப்பா பக்கத்து ஸ்டுடியோவுல கொடுத்து டிவிடியா மாத்தி வச்சார். எங்க தாத்தா நடமாடுற ஒரே வீடியோ அதுலதான் இருக்குன்னு சொல்லுவார். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே தாத்தா போயிட்டார். எனக்குத் தெரிஞ்ச தாத்தா சட்டம் போட்ட ஒரு போட்டோதான்.

சரி, லேப்டாப்ல போட்டுப் பார்ப்போம்னா, அதுல வட்டு போட ஓட்டையே இல்ல. டிவிடி பிளேயரை அம்மா எப்பவோ பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டாச்சு. பொட்டி தட்டியே பொழப்பு நடத்துறவன், கையில ஒரு வட்டை வச்சுக்கிட்டு திருதிருன்னு முழிச்சேன். யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டு, அது வர்ற ரெண்டு நாள்ல இந்த வட்டுக்காரங்க போட்ட சண்டையையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சேன். அதுல என்னை ரொம்ப இழுத்தது எச்டி டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் நடந்த மல்லுக்கட்டு.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். 1975-ல சோனி பீட்டாமேக்ஸ் விட்டுச்சு. அடுத்த வருஷமே ஜேவிசி விஎச்எஸ்ஸோட வந்துச்சு. பீட்டாமேக்ஸ் கேசட்ல முதல்ல ஒரு மணி நேரம்தான் பதிய முடியும், விஎச்எஸ்ல ரெண்டு மணி நேரம். ஒரு முழுப் படம் ஒரே கேசட்ல அடங்குதா இல்லையாங்கிறதுதானே வாங்கறவனுக்கு முக்கியம்? சோனி தோத்துது. அந்த வடு ஆறவே இல்ல.

டிவிடியும் லேசுல பிறக்கல. 1995-ல சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தோஷிபாவும் டைம் வார்னரும் இன்னொரு பக்கம், ஆளுக்கொரு வட்டோட நின்னாங்க. ஐபிஎம்மோட தலைவர் லூ கெர்ஸ்ட்னர் நடுவுல வந்தார். ஒரே ஒரு வடிவம்தான் வேணும், ரெண்டா வந்தா நாங்க சேர்த்துக்க மாட்டோம்னு கம்ப்யூட்டர் கம்பெனிகள் கறாரா சொல்லிட்டாங்க. கடைசியில தோஷிபா பக்கத்து வட்டு அமைப்பையும் (0.6 மில்லிமீட்டர் தகடு ரெண்டை ஒட்டுறது) சோனி-பிலிப்ஸ் பக்கத்து தகவல் குறியீட்டு முறையையும் சேர்த்து ஒண்ணாக்கினாங்க. சிடியை பிலிப்ஸோட சேர்ந்து ஆண்ட சோனிக்கு இது தொண்டையில சிக்கின முள்ளு. அடுத்த வட்டு நம்ம வட்டா இருக்கணும்னு அப்பவே முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன்.

அடுத்த வட்டுக்கு நீல லேசர் வேணும். கதிரோட அலைநீளம் குறைய குறைய புள்ளி சின்னதாகும், புள்ளி சின்னதானா அதே இடத்துல நிறைய எழுதலாம். தடிச்ச மார்க்கரை விட்டுட்டு ஊசிமுனைப் பேனாவுல எழுதுற மாதிரி. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, நீல-ஊதா லேசருக்கு 405. இதை சாத்தியமாக்கினவர் ஜப்பான்ல நிச்சியாங்கிற கம்பெனியில வேலை பார்த்த ஷூஜி நகமுரா. 1993-ல பிரகாசமான நீல எல்ஈடி, அதுக்குப் பின்னாடி 90-களோட நடுவுல லேசர். அந்த எல்ஈடி கண்டுபிடிப்புக்கு கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமதி எவ்வளவு தெரியுமா? 20,000 யென். அன்னைக்கு 200 டாலர் கூட கிடையாது. மனுஷன் 2001-ல கேஸ் போட்டார். 2004-ல டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொல்லுச்சு. மேல்முறையீட்டுல 2005-ல சுமார் 84 கோடி யென்னுக்கு சமரசம் ஆச்சு. 2014-ல அகசாகி, அமானோவோட சேர்த்து இயற்பியல் நோபல். அப்ரைசல்ல "எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்"னு மட்டும் வாங்கிட்டு வயிறெரியுற அத்தனை பேருக்கும் இந்தப் பத்தி சமர்ப்பணம் :-)

லேசர் ஒண்ணுதான், ஆனா அதை வச்சு வட்டு செய்ய ரெண்டு வழி. சோனி, பிலிப்ஸ், மட்சுஷிடான்னு ஒன்பது கம்பெனி சேர்ந்து 2002 பிப்ரவரியில ப்ளூ-ரேயை அறிவிச்சாங்க. லென்ஸை வட்டுக்கு ரொம்ப கிட்டக்க கொண்டு போய் புள்ளியை இன்னும் சின்னதாக்குறது இவங்க வழி. அப்படிச் செய்யணும்னா தகவலுக்கு மேல இருக்கிற பூச்சு வெறும் 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். அவ்வளவு மெல்லிசா இருந்தா நகம் பட்டாலே கீறல். ஆரம்பத்துல வட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சுத்தான் கொடுத்தாங்க. அப்புறம் டிடிகே ஒரு கெட்டிப் பூச்சு கண்டுபிடிச்ச பிறகுதான் பெட்டி ஒழிஞ்சது. ஒரு அடுக்குக்கு 25 ஜிபி.

தோஷிபாவும் என்ஈசியும் வேற மாதிரி யோசிச்சாங்க. டிவிடியோட அதே 0.6 மில்லிமீட்டர் அமைப்பை வச்சுக்குவோம், லேசரை மட்டும் மாத்துவோம். அடுக்குக்கு 15 ஜிபிதான். ஆனா இருக்கிற டிவிடி தொழிற்சாலையையே கொஞ்சம் மாத்தி ஓட்டிக்கலாம். மென்பொருள் பாஷையில சொன்னா இவங்க பழைய கோடை வச்சே அடுத்த வெர்ஷன் விட்டவங்க, அவங்க முதல்ல இருந்து திருப்பி எழுதினவங்க. 2005-ல ரெண்டையும் ஒண்ணாக்க பேசிப் பார்த்தாங்க. 0.1-ஆ 0.6-ஆங்கிறதுல சராசரி எடுக்க முடியாதே. பேச்சு முறிஞ்சது. அதே வருஷம் மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் தோஷிபா பக்கம் சாய்ஞ்சாங்க.

2006-ல ரெண்டும் கடைக்கு வந்துச்சு. அமெரிக்காவுல ஏப்ரல்ல தோஷிபாவோட எச்டி டிவிடி பிளேயர் 499 டாலர். ஜூன்ல சாம்சங்கோட முதல் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். உண்மையைச் சொல்லணும்னா வாங்கறவன் பார்வையில எச்டி டிவிடிதான் ஒழுங்கான சரக்கு. எல்லா பிளேயர்லயும் முதல் நாள்லயே நெட் இணைப்பு கட்டாயம். எந்த நாட்டு வட்டையும் எந்த நாட்டுலயும் போடலாம். ப்ளூ-ரேயில ஏ, பி, சின்னு மண்டலம் பிரிச்சு வேலி போட்டாங்க (நமக்கு சி). இணைப்பு வசதியெல்லாம் பின்னாடிதான் ஒவ்வொண்ணா சேர்த்தாங்க. அதனால ஆரம்பத்துல பிளேயர் வாங்கினவங்களுக்கு ஆப்பு.

அப்புறம் எப்படி தோத்தாங்க? 2006 நவம்பர்ல வந்த பிளேஸ்டேஷன் 3. சோனி அந்த விளையாட்டுப் பெட்டிக்குள்ளயே ப்ளூ-ரேயை வச்சு அடைச்சுட்டாங்க. விலை 499, 599 டாலர், ஜனங்க வாயில வயித்துல அடிச்சுக்கிட்டாங்க. நீல லேசர் போதுமான அளவு தயாராகாம, ஐரோப்பாவுல வெளியீடே 2007 மார்ச்சுக்குத் தள்ளிப் போச்சு. விளையாட்டுச் சந்தையில சோனி இதுக்கு பலமா அடி வாங்குச்சு. ஆனா விளையாட வாங்கினவன் வீட்டுல எல்லாம் அவன் கேக்காமலே ஒரு ப்ளூ-ரே பிளேயர் போய் உட்கார்ந்துடுச்சு. மைக்ரோசாஃப்ட் என்ன பண்ணுச்சுன்னா, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி டிரைவைத் தனியா 199 டாலருக்கு வித்துச்சு. தனியா விக்கிறதை எத்தனை பேர் வாங்குவான்?

இதுக்கு நடுவுல ஸ்டுடியோ பேரம். 2007 ஆகஸ்ட்ல பாரமவுண்டும் டிரீம்ஒர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும்னு தாவினாங்க. அதுக்குப் பின்னாடி 15 கோடி டாலர் கைமாறுச்சுன்னு அப்ப செய்தி வந்துச்சு. நவம்பர்ல வால்மார்ட்ல தோஷிபா பிளேயர் 98.87 டாலர். ஆடித் தள்ளுபடி தோத்தது போங்க.

நம்ம ஊர்ல 2007-ல என்ன ஓடிட்டு இருந்துச்சுன்னா, மோசர் பேயர் தமிழ்ப்பட டிவிடியை 34 ரூபாய்க்கு வித்துட்டு இருந்தான். திருட்டு விசிடி விலைக்கே ஒரிஜினல்! எங்க வீட்டு டிவி ஸ்டாண்டு கீழ அது ஒரு அடுக்கு இருந்துச்சு. நீல வட்டெல்லாம் எங்க தெருப்பக்கமே எட்டிப் பார்க்கல. அந்தக் கம்பெனியும் 2018-ல கலைப்புக்குப் போயிடுச்சு.

2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் ரெண்டு வட்டுலயும் படம் விட்ட வார்னர், இனிமே ப்ளூ-ரே மட்டும்னு அறிவிச்சாங்க. லாஸ் வேகாஸ் கண்காட்சிக்கு ரெண்டு மூணு நாள்தான் பாக்கி. எச்டி டிவிடி அணி அங்க வச்சிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. 1995-ல தோஷிபாவோட தோளோட தோள் நின்ன அதே வார்னர்! பிப்ரவரியில நெட்ஃப்ளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் வரிசையா கழண்டுக்கிட்டாங்க. பிப்ரவரி 19-ம் தேதி டோக்கியோவுல தோஷிபா தலைவர் நிஷிதா கடையை மூடுறோம்னு சொல்லிட்டார். அடுத்த வருஷமே தோஷிபா ப்ளூ-ரே சங்கத்துல உறுப்பினர். 2013-ல வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்ல மைக்ரோசாஃப்டும் ப்ளூ-ரே டிரைவ்தான் வச்சாங்க.

ஜெயிச்ச சோனி எத்தனை நாள் கொண்டாடுச்சு? ரெண்டு பேரும் கட்டிப் புரண்டுட்டு இருந்த 2007 ஜனவரியிலேயே நெட்ஃப்ளிக்ஸ் வட்டே இல்லாம நெட் வழியா படம் காட்ட ஆரம்பிச்சாச்சு. சண்டையில இருந்தவங்க யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. தபால்ல டிவிடி அனுப்புறதை நெட்ஃப்ளிக்ஸ் 2023-ல நிறுத்துச்சு. பதிவு செய்யுற ப்ளூ-ரே வட்டுகள் தயாரிக்கிறதை சோனி 2025 பிப்ரவரியில நிறுத்துச்சு. தோத்த பீட்டாமேக்ஸ் கேசட்டை அதே சோனி 2016 வரைக்கும் வித்துட்டு இருந்தாங்கங்கிறது தனி காமெடி.

டிரைவ் வந்து சேர்ந்துச்சு. வட்டைப் போட்டேன். மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் பிரமாதம், முகூர்த்தத்துல கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னு போச்சு. வட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா ஓரத்துல சாயம் வெளுத்திருக்கு. ஸ்டுடியோக்காரங்க என்ன வட்டுல எழுதினாங்களோ. டிடிரெஸ்க்யூன்னு ஒரு மென்பொருள் இருக்கு, படிக்க முடியாத இடத்தையே திருப்பித் திருப்பி முட்டிப் பார்க்கும். ராத்திரி ஓட விட்டுட்டுப் படுத்தேன். காலையில பார்த்தா முகூர்த்தம் பாதி போயே போச்சு. ஆனா பந்தி வந்திருந்துச்சு. இலைக்கு முன்னாடி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒருத்தர் "இங்க பாயசம் வரலப்பா"ன்னு சத்தம் போடுறார். அதே மூக்கு, அதே மீசை. அந்த எட்டு செகண்டை மட்டும் வெட்டி அப்பாவுக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழிச்சு போன் பண்ணினார். "டேய், கத்துறது சின்ன தாத்தாடா. பின்னாடி சாம்பார் வாளியைத் தூக்கிட்டுப் போறார் பாரு, அவர்தான் உங்க தாத்தா."