மாவு மூட்டைகளும் ஒரு மகுடமும்

1970 நவம்பர் 20. பொழுது விடிவதற்குள் லண்டனில் ஒரு குண்டு வெடித்துவிட்டது. ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வெளியே நின்றிருந்த பி.பி.சி. ஒளிபரப்பு வேனுக்கு அடியில் வைத்திருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. வைத்தது ‘ஆங்ரி பிரிகேட்’ என்ற தீவிர இடதுசாரிக் குழு. அன்றிரவு அதே அரங்கத்தில் உலக அழகிப் போட்டி. வேறெந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் தள்ளிப்போட்டிருப்பார்கள். எரிக் மோர்லி தள்ளிப்போடுகிற ஆள் இல்லை.

மோர்லி யார்? மெக்கா என்ற நிறுவனத்தில் நடன அரங்கங்களைக் கவனித்துவந்தவர். 1951இல் ‘பிரிட்டன் திருவிழா’ நடந்தபோது கூட்டம் சேர்க்க அவர் யோசித்த உத்திதான் பிகினிப் போட்டி. அதில் வென்ற ஸ்வீடன் பெண் கிகி ஹாகன்சனுக்குப் பிகினியிலேயே மகுடம் சூட்டினார்கள். போப்பாண்டவர் வரை கண்டனம் போனது. ஒரு தடவை நடத்திவிட்டு மறந்துபோக வேண்டிய வேடிக்கை, 1970க்குள் பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற தொலைக்காட்சித் திருவிழாவாகிவிட்டது.

அந்த ஆண்டு 58 அழகிகள். அதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து மட்டும் இருவர்! நிறவெறி அரசின் வழக்கப்படி அந்நாட்டு அழகி எப்போதும் வெள்ளைக்காரப் பெண்தான். எதிர்ப்பு வலுத்ததும் மோர்லி ஒரு தந்திரம் செய்தார். வெள்ளைக்காரரான ஜில்லியன் ஜெஸப்புக்கு ‘தென்னாப்பிரிக்கா’ என்ற பட்டை. கேப் டவுனைச் சேர்ந்த, வெள்ளையரல்லாத பேர்ல் ஜான்சனுக்கு ‘ஆப்பிரிக்கா தெற்கு’ என்ற பட்டை. அப்படி ஒரு நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. நாட்டுப் பெயரை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் நிறவெறிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பிய அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

பார்வையாளர் வரிசையில், நல்ல உடை உடுத்தி, கைப்பையோடு பல பெண்கள் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். பைக்குள் மாவுப் பொட்டலங்கள், அழுகிய காய்கறிகள், துண்டுப் பிரசுரங்கள். பெண் விடுதலை இயக்கத்தினர் இவர்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில் இந்த இயக்கத்தின் முதல் தேசிய மாநாடு நடந்திருந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஸாலி அலெக்சாண்டரும் அரங்கில் இருந்தார். கால்பந்து ரசிகர்கள் சுழற்றுகிற கிலுகிலுப்பைதான் சைகை. சத்தம் கேட்டதும் எல்லோரும் எழ வேண்டும்.

மேடைக்கு வந்த அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப், போட்டியை மாட்டுச் சந்தை என்று சொல்லி, மாடு மாதிரி கத்தியும் காட்டினார். போட்டியை மாட்டுச் சந்தை என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள் போராட்டக்காரர்கள். அவர்கள் வசையையே அவர் தன் ஜோக்காக்கிக்கொண்டார். குறித்த நேரம் வருமுன்பே, பொறுக்க முடியாமல் ஒருவர் கிலுகிலுப்பையைச் சுழற்றிவிட்டார்.

மாவு பறந்தது. புகை எழுந்தது. பிரசுரங்கள் மாடங்களிலிருந்து கொட்டின. ஹோப் மேடையை விட்டு ஓடப் பார்க்க, மோர்லியின் மனைவி ஜூலியா அவர் காலைப் பிடித்து நிறுத்தினார் என்பார்கள். காவலர்கள் பெண்களை இழுத்துப்போக, சில நிமிடங்களில் நிகழ்ச்சி தொடர்ந்தது. அழகிகளோடு தங்களுக்குச் சண்டை இல்லை, போட்டியை நடத்துபவர்களோடுதான் சண்டை என்பது போராட்டக்காரர்களின் வாதம். மேடையில் நின்றவர்களுக்கு அந்த நேரத்தில் அது எந்த அளவுக்குப் புரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பந்தயக்காரர்கள் பணம் கட்டியிருந்தது ஸ்வீடனின் மேஜ் கிறிஸ்டல் ஜோஹான்ஸன் மேல். அவருக்குக் கிடைத்ததோ நான்காம் இடம். மூன்றாவது இஸ்ரேல். ஐந்தாவது ஜெஸப். இரண்டாவது, இல்லாத நாட்டின் பட்டையோடு நின்ற பேர்ல் ஜான்சன். மகுடம் கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டனுக்கு. சாதிக்காய்க்குப் பேர்போன அந்தக் கரீபியத் தீவின் மக்கள்தொகையே சுமார் ஒரு லட்சம்தான். விமானப் பணிப்பெண்ணான ஹோஸ்டன்தான் உலக அழகிப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் என்று அறியப்படுகிறார்.

உடனே அடுத்த ரகளை. நடுவர் குழுவில் நடிகை ஜோன் காலின்ஸும் பரோடா மகாராஜாவும் இருந்தார்கள். கூடவே இருந்தவர் எரிக் கைரி, கிரெனடாவின் அரசாங்கத் தலைவர்! நடுவர்கள் ஒன்பது பேரில் நான்கு பேர் ஸ்வீடனுக்கு முதலிடம் தந்ததாகவும், கிரெனடாவுக்கு இரண்டே பேர்தான் தந்ததாகவும் செய்தி வந்தது. அரங்குக்கு வெளியே கூடியவர்கள் ஸ்வீடன், ஸ்வீடன் என்று கத்தினார்கள். நெருக்கடி தாங்காமல் ஜூலியா மோர்லி பதவி விலகினார். கணவர் வாக்குச் சீட்டுகளைப் பத்திரிகைகளிடம் காட்டி, முதலிடங்களை மட்டும் எண்ணும் முறை இதுவல்ல, மொத்தத் தரவரிசைதான் கணக்கு என்று விளக்கிய பிறகு அம்மையார் திரும்பி வந்தார்.

கைரி அங்கே உட்கார்ந்திருக்கவே கூடாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளைக்கார நடுவர்கள் வெள்ளைக்கார அழகிகளுக்கு மதிப்பெண் போட்டுவந்த இத்தனை வருடங்களில் யாரும் இப்படிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

கைதான பெண்கள் மீது பௌ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஸாலி அலெக்சாண்டர் பிறகு வரலாற்றுப் பேராசிரியரானார். ஹோஸ்டன் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதே பாப் ஹோப்போடு வியட்நாம் போய் அமெரிக்கப் படைவீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்தினார். 1966இல் உலக அழகியான நம் ரீட்டா ஃபரியாவும் அப்படிப் போய்த்தான் இங்கே வாங்கிக் கட்டிக்கொண்டார். பின்னாளில் ஹோஸ்டன் கனடாவுக்கான கிரெனடாவின் தூதரானார். 2010இல் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்றில் அவரும் மாவு வீசியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். தன்னை யாரும் சுரண்டியதாகத் தான் நினைக்கவில்லை என்பதே அவர் பக்கத்து வாதம். கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மேடை திறந்த வாய்ப்பையும், அந்த மேடையே அவமானம் என்று எழுந்தவர்களின் கோபத்தையும் ஒரே நேரத்தில் நியாயம் என்று ஏற்பதில் எனக்குச் சிரமமில்லை.

பேர்ல் ஜான்சன் ஊர் திரும்பியபோது நிறவெறிச் சட்டங்கள் ஓர் எழுத்தும் மாறாமல் அங்கே இருந்தன. இரண்டாமிடம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அந்த இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் மாவு மூட்டைக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதிகூட இவருக்குத் தருவதில்லை. 1977க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவையே போட்டியிலிருந்து விலக்கிவைத்தார்கள். அது திரும்பி வந்தது 1991இல்.

எரிக் மோர்லியின் கடை நேரே நம் வாசலுக்கும் வந்தது. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். போட்டியை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.