வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் பெயர்

எங்கள் தெருவில் வீட்டுக்கு பிளான் போட்டுத் தரும் தம்பி ஒருவர் இருக்கிறார். போன மாதம் முகம் வாடி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கணியூர்ப் பக்கம் ஒருவருக்கு த்ரீ-டி எலிவேஷன் படம் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அட்வான்ஸ் வருவதற்குள் அதே படம் வேறொரு காண்ட்ராக்டரின் விளம்பரத்தில் வந்துவிட்டது. மூலையில் இவர் போட்டிருந்த லோகோவை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

"மூணு ராத்திரி உக்காந்து போட்டதுங்க ஐயா. எம் பேரைத் தொடச்சுப் போட்டானுங்க" என்றார்.

எனக்குக் கம்ப்யூட்டரில் படம் போடத் தெரியாது. ஆனால் பத்திரத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே உத்தியோக காலத்தைக் கழித்தவன். அன்று அவரிடம் சொன்ன கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

காகிதத்துக்குள் அடையாளம் வைக்கும் வழக்கம் இத்தாலியில் ஃபாப்ரியானோ என்ற ஊரில், 1282 வாக்கில் தொடங்கியது. அக்காலத்தில் காகிதம் கந்தல் துணியிலிருந்துதான் வந்தது. துணியைக் கூழாக்கி, கம்பி வலை கட்டிய சட்டத்தால் அள்ளுவார்கள். தண்ணீர் வடிந்ததும் வலைமேல் காகிதம் படிந்திருக்கும். அந்த வலையின்மேல் மெல்லிய கம்பியைச் சிலுவையாகவோ பூவாகவோ வளைத்துத் தைத்துவிட்டால், அந்த இடத்தில் கூழ் சற்று மெலிந்து படியும். காகிதத்தைச் சும்மா பார்த்தால் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சின்னம் பளிச்சென்று தெரியும். எந்தப் பட்டறைச் சரக்கு என்று சொல்லிவிடலாம். 1820-களில் இங்கிலாந்தில், இயந்திரக் காகிதத்திலும் இதைப் பதிக்க ஓர் உருளையைக் கண்டுபிடித்தார்கள்.

இங்கிலீஷில் வாட்டர்மார்க். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இதற்கு 'ஃபிலிக்ரான்' என்று பெயர். நூல், மணி என்ற பொருள் தரும் இரண்டு லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. நகைக் கம்பி வேலைக்கும் அதே சொல்தான். ஒருவர் வெளிப்படையாகச் சொல்லாமல் பேச்சுக்குள் வைத்துப் பேசினால், அதையும் 'ஃபிலிக்ரானில் இருக்கிறது' என்பார்கள்.

ஜெனீவாவைச் சேர்ந்த பிரிக்கே என்பவர் பழைய ஆவணக் கிடங்குகளில் அலைந்து 16,000-க்கும் மேற்பட்ட சின்னங்களை நகலெடுத்து 1907-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். தேதியில்லாத கடிதம் கிடைத்தால் இன்றும் அதன் சின்னத்தை அந்தத் தொகுதிகளோடு ஒப்பிட்டுக் காலத்தைக் கணிக்கிறார்கள். பட்டறைக்காரர் செத்து ஐந்நூறு வருஷம் கழித்தும் அவர் கம்பி சாட்சி சொல்கிறது.

நம் ரூபாய் நோட்டும் இதே கதைதான். சுதந்திரத்துக்குப் பின் ராஜாவின் தலை போய் அசோகச் சிங்கம் நோட்டுக்குள் வந்தது. 1996-இல் வந்த வரிசையில் காந்தியின் முகம் அங்கே வந்தது. நோட்டுக் காகிதமும் பருத்தியில் செய்வதுதான். பனியன் ஊர்க்காரர்களுக்கு இது பெருமையாக இருக்கலாம்.

நம் முன்னோர் ஓலையில் எழுதினார்கள். ஓலைக்குள் கம்பி வைக்க முடியாது. அதனால் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார்கள். சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனையில் 'குருகுஹ' என்ற முத்திரை வரும். அதை எடுத்தால் அடி உடையும், தாளம் இடறும். பெயரைத் திருடுகிறவன் பாட்டையே கெடுக்க வேண்டியிருக்கும்.

தம்பி கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப நான் மூலையில வெச்சதுதான் தப்புங்களா?" என்றார். அதேதான்.

பிறகு அவர் எனக்குப் பாடம் எடுத்தார். ஜேபெக் படத்தில் ஒளிபுகும் தன்மை கிடையாது. அதனால் லோகோவை ஒட்டினால் வெள்ளைக் கட்டமும் கூடவே வந்து உட்காருமாம். 1996-இல் வந்த பிஎன்ஜி வகையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தவிர நான்காவதாக ஓர் எண் உண்டு. அது 0 என்றால் புள்ளி கண்ணுக்கே தெரியாது. 255 என்றால் முழுக்க மறைக்கும். நடுவில் ஓர் எண்ணை வைத்தால் லோகோவும் தெரியும், பின்னாலுள்ள சுவரும் தெரியும். கூழ் எவ்வளவு மெலிய வேண்டும் என்று அந்த இத்தாலிக்காரர் பார்த்த கணக்கை இவர் எண்ணில் பார்க்கிறார்.

இப்போது அவர் லோகோவை நால்வாசிக்கும் குறைவான அழுத்தத்தில், பால்கனிமேலும் முன்சுவர்மேலும் குறுக்காகப் போடுகிறார். வெட்டினால் வீடு பாதியாகிவிடும். லோகோ இல்லாத பெரிய படத்தைப் பணம் வந்த பிறகே கொடுக்கிறார்.

ஆனாலும் கம்ப்யூட்டரில் மேலே போட்டதை இன்னொரு கம்ப்யூட்டரால் அழிக்க முடியும் என்கிறார் அவரே. அதனால் ஒன்று சொன்னேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த படம் லோகோ இல்லாவிட்டாலும் வரைந்தவருக்குப் பாதுகாப்பு தருகிறது. லோகோ வெறும் சாட்சி. அசல் ஃபைலையும், அனுப்பிய தேதி தெரியும் செய்தியையும் பத்திரமாக வை, அதுவும் சாட்சிதான் என்றேன். கோப்பைக் கட்டி வைத்த குமாஸ்தாவுக்கு அதுதான் தெரியும்.

கணியூர் வேலை திரும்பி வரவில்லை. நேற்று புதுப் படம் ஒன்றைப் போனில் காட்டினார். பழக்கதோஷம், போனை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தம்பி சிரித்துவிட்டார். ஆனால் முன்சுவரில் அவர் பெயர் மங்கலாகத் தெரிந்தது.