பிக் டேட்டாவும் நம் ஊர் வியாபாரமும்: வில்லியனூர் சொல்லும் பாடம்

'பிக் டேட்டா' என்றதும் கூகுள், அமேசான் போன்ற பெரிய நிறுவனங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மலைபோல் குவியும் தகவல்களைக் கணினியால் அலசி, அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பதே இதன் சாரம். தமிழில் இதைப் பெருந்தரவுப் பகுப்பாய்வு என்கிறோம். வளரும் நாடுகளில் சிறு வியாபாரியும் விவசாயியும் கடனில் மூழ்காமல், சரக்கு வீணாகாமல் தொழிலை நீடித்து நடத்த இது உதவுமா? புதுச்சேரி கிராமங்களின் அனுபவத்திலிருந்தே இதற்கு விடை தேடலாம்.

வில்லியனூரில் தொடங்கியது

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியுடன், புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையமாக இருந்தது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளை மையங்கள் இயங்கின. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரியசக்தி. தொலைபேசி வசதி குறைந்த இடங்களில் வயர்லெஸ்.

மையத்துக்கு ஊரார் இலவசமாக இடம் தர வேண்டும், சாதி வேறுபாடின்றி எல்லோரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. மக்களுக்கு என்ன தகவல் தேவை என்று முதலில் அவர்களிடமே கேட்டார்கள். பிறகு தானிய விலை, உரம் மற்றும் விதையின் விலை, மருத்துவமனை விவரம், அரசு நலத்திட்டங்கள் எனத் தமிழில் திரட்டினார்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பது மீனவருக்கு உயிர்ப் பிரச்சினை. ஒரு நாள் டீசல் செலவும் அதில் அடங்கியிருக்கிறது. 2001-ல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

பகுப்பாய்வு சேர்ந்தபோது

வில்லியனூர் மையங்கள் தகவலைத் திரட்டிச் சொல்லின. அலசி வழிகாட்டுவது அடுத்த படி. 2016-ல் இக்ரிசாட் ஆய்வு நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் ஆந்திராவின் கர்நூல் மாவட்டத்தில் அதைச் செய்துபார்த்தன. 1986 முதல் 30 ஆண்டுகால வானிலைப் பதிவுகளை அலசி, நிலக்கடலையை எப்போது விதைப்பது என்று 175 விவசாயிகளுக்கு தெலுங்கில் குறுஞ்செய்தி அனுப்பின. விளைச்சல் சராசரியாக 30 சதவீதம் கூடியதாக அந்நிறுவனங்கள் அறிவித்தன. விவசாயிகள் சாதாரண செல்பேசியிலேயே இந்தத் தகவலைப் பெற்றார்கள். ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவிக்கும் பாகூருக்கும் இத்தகைய வழிகாட்டுதல் பயன்படும்.

கணினி அறியாத கணக்கு

கணினி சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. நம் வீட்டுக் கணக்கையே பாருங்கள். நோன்புப் பெருநாள் 2024-ல் ஏப்ரல் 11 அன்றும், 2025-ல் மார்ச் 31 அன்றும் வந்தது. ஒரு ஜவுளிக்கடையின் விற்பனையை மென்பொருள் ஆங்கில மாதப்படி ஒப்பிட்டால், '2025 ஏப்ரலில் வியாபாரம் சரிந்துவிட்டது' என்று காட்டும். உண்மையில் வியாபாரம் படுக்கவில்லை, பெருநாள் மார்ச்சுக்கு நகர்ந்திருக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதை அறிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால், அந்த அறிக்கையை நம்பி அடுத்த பெருநாளுக்குச் சரக்கைக் குறைத்துவிடுவோம்.

நாம் செய்ய வேண்டியவை

• தினசரி விற்பனை, மிஞ்சிய சரக்கு, கடன் பாக்கி ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுவோம். நோட்டுப் புத்தகமே போதும்; பெருநாள், திருமண சீசன், மழை நாள்களையும் குறித்துக்கொள்வோம்.

• இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்ததும், எது எப்போது விற்கிறது, எது தேங்குகிறது என்று படித்த பிள்ளைகளைக் கொண்டு கணினியில் அலசிப் பார்ப்போம்.

• வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணும் கடன் விவரமும் அமானிதம். அவரது சம்மதமின்றி யாருக்கும் தர வேண்டாம். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

எந்தத் தகவல் தேவை என்று ஊரார் கேட்டதும், அது அவர்கள் மொழியில் உரிய நேரத்தில் வந்ததும்தான் வில்லியனூர் மையங்களைப் பயனுள்ளதாக்கின. நம் கடைக்கும் வயலுக்கும் எந்தக் கேள்வி முக்கியம் என்பதை நாமே முடிவு செய்வோம்; அதற்கான கணக்கை இன்றே எழுதத் தொடங்குவோம்.