பிடித்த பாம்பைத் திருப்பி விட்டவர்கள்



நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: “சார், பையன் வயல்ல ஒரு பாம்புக்குட்டி பிடிச்சிட்டு வந்திருக்கான். விஷமில்லாததுன்னு சொல்றான். கண்ணாடித் தொட்டியில வச்சு வளர்க்கலாமான்னு கேக்கறான். என்ன சொல்லட்டும்?”

‘கூடாது’ என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிடலாம். காரணம் சொல்லாத ‘கூடாது’ பிள்ளைகளிடம் எடுபடாது. அதனால் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நம் நாட்டில் பாம்பை நன்கு அறிந்தவர்கள் யார் என்றால், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை முதலில் சொல்ல வேண்டும். மண்ணில் பதிந்த தடம், வளை வாயில் கிடக்கும் எச்சம், உரித்துப் போட்ட சட்டை, இவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் இந்த அறிவு தோல் வியாபாரத்துக்குத்தான் பயன்பட்டது. பாம்புத்தோல் கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போனது. லாபம் வியாபாரிக்கு, பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறைக் காசு.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புகள் பிழைத்தன, இருளர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. தெரிந்த ஒரே தொழில் சட்டவிரோதம் ஆகிவிட்டால் ஒரு குடும்பம் என்ன செய்யும்?

கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து அதற்கு வழி கண்டார்கள். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அது இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து வருவார்கள். மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, சில வாரங்கள் வைத்திருந்து விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது.

கவனியுங்கள். உலகமே வியக்கும் அளவுக்குப் பாம்பு பிடிக்கத் தெரிந்தவர்கள், தங்கள் சோற்றுக்கே ஆதாரமான பாம்பைக்கூட நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை.

வைத்துக்கொண்டவர்கள் பாம்பாட்டிகள். அந்தப் பாம்புகளின் கதை என்ன? பல்லைப் பிடுங்கினார்கள், சிலர் வாயையே தைத்தார்கள். புண் சீழ் பிடித்து, இரை தின்ன முடியாமல் அவை செத்தன. மகுடிக்கு ஆடுவதாக நாம் கைதட்டியபோது, பாம்பு மகுடியின் அசைவைப் பார்த்துப் பயந்து படம் எடுத்து நின்றது. அவ்வளவுதான்.

பாம்பை ஆசைக்கு வளர்த்த இன்னொரு தேசத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆசியாவிலிருந்து இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகளைக் குட்டியாக வாங்கி வளர்த்தார்கள். குட்டி பத்தடி, பன்னிரண்டடி என்று வளர்ந்ததும் வைத்திருக்க முடியாமல் சிலர் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். சில தப்பிப் போயின. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை பெருகின. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மலைப்பாம்புகள் நெடுநாளாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொன்னது. அதே ஆண்டுதான் அமெரிக்கா அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. நம் வயல் பாம்பு இங்கேயே பிறந்தது, அது வேறு விஷயம். ஆனால் வளர்ப்பவரின் ஆசை பாம்பின் ஆயுளைவிடக் குறுகியது என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

2017இல் அந்த மலைப்பாம்புகளைப் பிடிக்க ஃப்ளோரிடா யாரை அழைத்தது தெரியுமா? நம் இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். முதல் எட்டு நாளில் அவர்கள் குழு 13 பாம்புகளைப் பிடித்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நம் நாட்டுக் காட்டுப் பாம்பை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். ‘விஷமில்லை’ என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. விஷமற்ற ஓநாய்ப் பாம்பும் கட்டுவிரியனும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பெரியவர்களே ஏமாறுவார்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் அதிகம் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடக்கூடும். பாம்பின் பக்கமும் பாருங்கள். பிடித்து அடைத்த பாம்பு பெரும்பாலும் இரையைத் தொடாது. பால் வைப்பதும் வீண். அது பாம்பின் உணவு அல்ல. நாய்க்குட்டி போல நம்மை அறிந்து வாலாட்டிப் பழகும் பிராணியும் அல்ல அது.

ஆகவே கையால் தொடாமல், வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுபோய் விடுவார்கள். கடித்துவிட்டால் கீறுவது, இறுகக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பிள்ளையின் ஆர்வத்தை மட்டும் திட்டி அணைத்துவிடாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் வடநெம்மேலிக்கு அழைத்துப் போங்கள். இருளர் பெரியவர் ஒருவர் பானையிலிருந்து நல்ல பாம்பை எடுக்கும் லாகவத்தைப் பார்த்தால், எந்தப் பாடப்புத்தகமும் தராத மரியாதை அவன் மனதில் தானே வரும்.