திருவொற்றியூர் புல்லட்: அறுபது வருஷத்துல பவர் எவ்வளவு கூடிச்சு?

புல்லட் பத்திப் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி கிளம்பிடும். "அந்த மாதிரி வண்டி இனிமே வராது"ன்னு ஒரு கட்சி. "350 சி.சி. வச்சுக்கிட்டு வெறும் 18 குதிரைத்திறனா? அம்பது வருஷமா திருவொற்றியூர்ல என்னதான் பண்ணாங்க?"ன்னு இன்னொரு கட்சி. நான் சாஃப்ட்வேர் எழுதறவன், எனக்குச் சண்டையைவிட நம்பர் பிடிக்கும். அதனால ரெண்டாவது கட்சியோட கேள்வியை இன்னைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

முதல்ல வரலாறு. 1949 வாக்குல மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துலேருந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இறக்குமதி பண்ண ஆரம்பிச்சாங்க. 1950-களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்காக ராணுவம் புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் ரெட்டிட்ச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. ஆரம்பத்துல அங்கேருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டற வேலைதான். 1957-ல் பாகங்கள் செய்யற கருவிகளே திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. 1962-க்குள்ள எல்லா பாகமும் இங்கேயே தயாராச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1967-ல் ரெட்டிட்ச் தொழிற்சாலையை மூடிட்டாங்க. 1970-ல் இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்னுபோச்சு. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. பெத்த ஊர் கைவிட்டதை வளர்த்த ஊர் காப்பாத்திச்சு.

இப்ப இன்ஜினுக்கு வருவோம். ஒத்தை சிலிண்டர், வார்ப்பிரும்புல செஞ்சது. பிஸ்டனோட விட்டம், அதாவது போர், 70 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் போற தூரம், ஸ்ட்ரோக், 90 மில்லிமீட்டர். கம்ப்ரஷன் சுமார் 6.5. டர்போ கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது தானா உள்ளே வர்ற காத்து மட்டும்தான். இதைத்தான் நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்னு சொல்றோம். அதனால இந்த மாதிரி இன்ஜின் ஊர்க் காத்தை நம்பித்தான் பிழைக்குது. கடல் மட்டத்துல இருக்கிற எண்ணூர்ல கிடைக்கிற காத்துல சுமார் முக்கால் பங்குதான் ஊட்டியில கிடைக்கும். மே மாச 40 டிகிரி வெயில்ல காத்தோட அடர்த்தி, 25 டிகிரியில இருந்ததைவிட சுமார் 5 சதவீதம் குறையும்.

அப்போ பவரை எப்படி அளக்கறது? அதுக்குத்தான் டைனோ. இன்ஜினை ஒரு மேடையில பூட்டி, சுத்தற தண்டுக்கு ஒரு பிரேக் போடுவாங்க. 1877-ல் வில்லியம் ஃப்ரூட் இதுக்குத் தண்ணியையே பிரேக்கா பயன்படுத்தினார். இன்ஜின் எவ்வளவு பலமா அந்த பிரேக்கைத் திருப்பப் பார்க்குதுங்கிறது டார்க். அதை ஆர்.பி.எம்.-ஆல பெருக்கினா பவர். அன்னைக்கு இருந்த வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் எல்லாத்தையும் சேர்த்து நம்பரைத் திருத்தணும். இல்லேன்னா ஜனவரியில வலுவான இன்ஜின் மே மாசம் சோப்ளாங்கியா தெரியும்.

சரி, கணக்கு. பழைய புல்லட் சுமார் 5,600 ஆர்.பி.எம்.-ல 18 குதிரைத்திறன் தரும். ஒரு சுத்துக்கு பிஸ்டன் 18 சென்டிமீட்டர் பயணம் பண்ணுது. நொடிக்கு சராசரியா 17 மீட்டர் வேகம்.

பக்கத்துல 2018-ல் வந்த கான்டினென்டல் ஜி.டி. 650-ஐ வைங்க. 648 சி.சி., ரெண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன், அதுவும் டர்போ இல்லாம. போர் 78, ஸ்ட்ரோக் 67.8. பவர் உச்சம் 7,250 ஆர்.பி.எம்.-ல. பிஸ்டன் வேகம் போட்டா நொடிக்கு 16.4 மீட்டர்! அறுபது வருஷத்துல பிஸ்டன் வேகம் கூடவே இல்லை. ஸ்ட்ரோக் குட்டையானதால, அதே வேகத்துல அதிக சுத்து சுத்துது. அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. பவரை சி.சி.-யால வகுக்காம பிஸ்டனோட மேல்பரப்பால வகுத்துப் பாருங்க. பழைய புல்லட்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.47 குதிரைத்திறன். 650-க்கு 0.49. வித்தியாசம் வெறும் 5 சதவீதம்.

அப்போ நிஜமான ஸ்போர்ட்ஸ் இன்ஜின் எப்படி இருக்கும்? ஹோண்டா எஸ்2000 காரை எடுத்துக்கோங்க. 2 லிட்டர், டர்போ இல்லாம 8,300 ஆர்.பி.எம்.-ல 240 குதிரைத்திறன். கம்ப்ரஷன் 11. பிஸ்டன் வேகம் நொடிக்கு 23 மீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 குதிரைத்திறன். நம்மதை மாதிரி ரெண்டு மடங்கு. ஆனா அதுக்கு வேற தர உலோகம், வேற தர வால்வு, வேற விலை. புல்லட்டும் சரி, 650-ம் சரி, அந்தப் போட்டிக்கே போகலை. கிராமத்து ரோட்டுல ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு அலுங்காம இழுக்கணும், ரிப்பேர் வந்தா புதுப்பேட்டையில முடியணும். டேப்பட் செட் பண்ண கேஜ்கூட வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை விரலால சுத்திப் பார்த்தா போதும்: தாராளமா சுத்தணும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

இதையெல்லாம் சொல்றதால திருவொற்றியூர்ல எல்லாமே சரியா நடந்துச்சுன்னு அர்த்தமில்லை. லைசன்ஸ் ராஜ்யத்துல வாங்கறவங்களுக்கு வேற வழி குறைவு, விக்கறவங்களுக்கு மாத்த வேண்டிய அவசரமும் குறைவு. ஆயில் ஒழுகறது புல்லட்டோட குணம்னு நாமளே பெருமையா சொல்லப் பழகிட்டோம். அந்த இன்ஜினை ஓரங்கட்டினது பவர் போட்டி இல்லை, புகைச் சட்டம். வார்ப்பிரும்பு, அலுமினியக் கலவையில மூணுல ஒரு பங்கு அளவுதான் சூட்டைக் கடத்தும். சூடு ஏறினா உலோகம் விரியும். அதனால பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல தாராளமா இடைவெளி விடணும். அந்த இடைவெளி வழியா ஆயில் மேலே ஏறி எரியும். இதை வச்சுக்கிட்டு 2010-ல் வந்த பி.எஸ்.-3 விதியைத் தாண்ட முடியாது.

இதுக்கான விடை 1990-களின் கடைசியிலேயே தேட ஆரம்பிச்சதுதான். 1994-ல் கம்பெனியை ஐஷர் முழுசா எடுத்தபிறகு, ஆஸ்திரியாவோட ஏ.வி.எல். நிறுவனத்தோட சேர்ந்து அலுமினிய இன்ஜின் வந்தது. ஏ.வி.எல். உலகம் முழுக்க டைனோ விக்கற கம்பெனி. அடுத்து 2008-ல் கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒண்ணான யூ.சி.இ. வந்தது. இதுலயும் 350-க்கு அதே 70-க்கு 90 அளவுதான்! புல்லட்ல அந்த அளவு 2023 வரைக்கும் ஓடிச்சு.

ஆக, "என்னதான் பண்ணாங்க?"ங்கிற கேள்விக்கு என் பதில்: பவர்ல பெருசா எதுவும் பண்ணலை, பண்ண வேண்டிய தேவையும் இல்லை. ஆனா அதே பவரைக் குறைஞ்ச புகையில, ஒழுகாம, ஆயிரம் இன்ஜினும் ஒரே மாதிரி வர்ற அளவுக்குச் செய்யக் கத்துக்கிட்டாங்க. அதைத்தான் இன்னும் சீக்கிரமா பண்ணியிருக்கணும். யார் மேலயாவது கோபப்படணும்னா அதுக்காகப் படுங்க, 18-ங்கிற நம்பருக்காக வேண்டாம்.

உங்க வண்டியோட போர், ஸ்ட்ரோக், உச்ச ஆர்.பி.எம். மூணையும் எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.