மனச்சிதைவு நோய்க்குக் கணினிவழி அறிதிறன் பயிற்சி

மனச்சிதைவு நோய் என்றவுடன் காதில் குரல் கேட்பதும் காரணமற்ற சந்தேகமுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. மாத்திரைகளால் பெரும்பாலும் கட்டுக்குள் வருபவையும் இவையே. ஆயினும் குரல்கள் அடங்கிய பின்னரும் நோயாளி பழைய நிலைக்குத் திரும்ப இயலாமல் தவிப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். கடையில் நான்கு பொருள்கள் வாங்கச் சென்றவர் இரண்டோடு திரும்புகிறார். கல்லாவியிலிருந்து புறப்பட்டு ஊத்தங்கரையில் பேருந்து மாற வேண்டியவர், எதில் ஏறுவது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார். ஓசூர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் அடுத்தடுத்துச் சொன்ன மூன்று வேலைகளில் முதலாவதை மட்டும் முடித்துவிட்டு அமர்ந்துவிடுகிறார்.

இதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கருதாதீர்கள். கவனம், நினைவாற்றல், சிந்தனை வேகம், திட்டமிடும் திறன் ஆகியவை குன்றுவது இந்நோயின் ஒரு பகுதியாகும். பலருக்கு இக்குறைபாடு நோய் வெளிப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தற்போதைய மாத்திரைகள் இதில் பெரிய மாற்றத்தைத் தருவதில்லை. நோயாளி மீண்டும் வேலைக்குச் செல்வாரா என்பதைத் தீர்மானிப்பதில் இக்குறைபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

பயிற்சி எவ்வாறு நடைபெறும்?

முதலில் மருத்துவ உளவியலாளர் சில சோதனைகள் மூலம் எத்திறன் எவ்வளவு குறைந்துள்ளது என்று அளவிடுவார். பள்ளிப் படிப்பு குறைவாக உள்ளவருக்கு மதிப்பெண் இயல்பாகவே குறையும் என்பதால், நம் நாட்டு மக்களுக்கென வகுத்த அளவீடுகளைப் பயன்படுத்துவது முக்கியம். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு அத்தகையது.

பயிற்சி வழக்கமாக வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, சில மாதங்களுக்கு நடைபெறும். திரையில் குறிப்பிட்ட எண் தோன்றும்போது மட்டும் விசையை அழுத்துதல், மறைந்துபோன பொருள்களின் பட்டியலை நினைவிலிருந்து கூறுதல், வரைபடத்தில் குறுகிய வழியைக் கண்டறிதல் போன்ற பணிகள் தரப்படும். சரியாகச் செய்யச் செய்யக் கணினி கடினத்தைச் சிறிது கூட்டும், தவறினால் குறைக்கும். ஆகவே, நோயாளி பெரும்பாலான நேரம் வெற்றியை உணர்கிறார். பல ஆண்டுகள் தோல்வியை மட்டுமே கண்டவருக்கு இது சிறிய செய்தி அன்று.

எனினும் திரையில் பெறும் மதிப்பெண் நோக்கமன்று. "பத்துச் சொற்களை எப்படி நினைவில் வைத்தீர்கள்?" என்று பயிற்சியாளர் கேட்கிறார். "காய்கறிகளைத் தனியாகவும் சோப்பு வகைகளைத் தனியாகவும் பிரித்துக்கொண்டேன்" என்கிறார் நோயாளி. "அப்படியானால் நாளை கடைக்குச் செல்லும்போது என்ன செய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. பயிற்சியின் உயிர் இந்த உரையாடலில்தான் உள்ளது. இது இல்லாவிட்டால், திரையில் எண்களை விரைவாக அழுத்தக் கற்றவர் எண்களை விரைவாக அழுத்துவார். கடைக்கணக்கு முன்போலவே தவறும்.

பலன் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு எதிர்பாருங்கள். பல நாடுகளில் நடந்த 130 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 8,851 பேரையும் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வு, அறிதிறனிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் சிறிது முதல் நடுத்தர அளவிலான முன்னேற்றத்தைக் காட்டியது. பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து வழிநடத்தும்போதும், வேலைப் பயிற்சி போன்ற மறுவாழ்வுப் பணிகளுடன் இணையும்போதும் பலன் கூடியது. குறைவாகப் படித்தவர்களுக்குப் பலன் அதிகமாக இருந்தது என்பதும் அதில் தெரிந்தது. "எட்டாம் வகுப்பு படித்தவருக்குக் கணினி எதற்கு?" என்று கேட்கும் குடும்பத்தினர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இப்பயிற்சி மருந்துக்கு மாற்றன்று. மாத்திரையை நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். அப்போது பெற்ற முன்னேற்றமும் கைநழுவும்.

மாத்திரைகள் பற்றி ஒரு குறிப்பு

கை நடுக்கம், தசை இறுக்கம் ஆகியவற்றைக் குறைக்கத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை நினைவாற்றலை மங்கச் செய்யக்கூடும். பல ஆண்டுகளாக அதையே தொடர்ந்து உட்கொள்பவர் இன்னும் அது தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்கம் தரும் மாத்திரைகளால் காலையில் மந்தமாக இருப்பவருக்குப் பயிற்சி நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றினாலே வேறுபாடு தெரியும். கண் பார்வையையும் சோதித்துவிடுங்கள். கண்ணாடி இல்லாத குறை கவனக்குறைவாகத் தோன்றுவதுண்டு.

நோய் தீவிரமாக உள்ள நாள்களில் பயிற்சியைத் தொடங்குவதில்லை. கணினி தம்மை உளவு பார்க்கிறது என்று ஒருவர் அஞ்சினால் வற்புறுத்த வேண்டாம். கேமராவை மூடிக் காட்டி, எது பதிவாகிறது, எது பதிவாவதில்லை என்று விளக்கினால் பலர் அமைதியடைவர். வலிப்பு நோய் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

கணினி இல்லாதவர்கள்

கணினி ஒரு கருவி மட்டுமே. முதன்முறை நோய்வாய்ப்பட்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையுடன் இரண்டு மாதம் வீட்டிலேயே அளித்த பயிற்சி பற்றிய ஆய்வை நிமான்ஸ் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். அதில் கவனத்தைப் பகிரும் திறனும் திட்டமிடும் திறனும் மேம்பட்டன. எழுத்துகளைத் தேடி அடித்தல், தானியம் பிரித்தல் போன்ற எளிய பணிகளே இத்தகைய பயிற்சிகளில் இடம்பெறுகின்றன. துவரை, கொள்ளு, பாசிப்பயறு மூன்றையும் கலந்து தட்டில் வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். எடுத்துக்கொண்ட நேரத்தையும் தவறுகளையும் நாள்தோறும் குறித்து, உளவியலாளரிடம் காட்டுங்கள். பக்கத்தில் அமர்பவர் பொறுமையுள்ளவராக இருக்கட்டும். வசை தொடங்கினால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்துவிடும்.

நம் எல்லைப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் பல. பயிற்சி மென்பொருள்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. படங்களும் எண்களும் கொண்ட பணிகளைக் கேட்டுப் பெறுங்கள்.

எங்கு செல்வது?

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல ஆலோசனையும் மாத்திரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டறியுங்கள். கணினிவழிப் பயிற்சி எல்லா இடங்களிலும் இல்லை. தேவையானால் பரிந்துரைக் கடிதம் பெற்று உயர் மையங்களுக்குச் செல்லலாம். நம் பகுதியினருக்குச் சென்னையைவிட, பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே உள்ள நிமான்ஸ் அருகில் இருக்கிறது. சென்னையில், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மறுவாழ்வுப் பயிற்சிகளை அளிக்கிறது.

மூளைத்திறனை உயர்த்தும் என்று விளம்பரப்படுத்தப்படும் கைப்பேசிச் செயலிகளுக்குச் சந்தா கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பணம் மருத்துவமனைக்கு மாதந்தோறும் சென்றுவரும் பேருந்துக் கட்டணத்திற்குப் பயன்பட்டால் நன்மை கூடுதல்.

தொலைபேசி ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். நோயாளி தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் நிலையில் இருந்தால், காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.